மொய் நோட்டும் கெஜட்டியரும்

ஊர் வரலாறு எழுதப் புறப்படுகிறவர்கள் நம்மிடையே பெரும்பாலும் இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் ஊருக்குள் நுழைகிறார்கள். ஒன்று கோயில் வாசல், மற்றது கோட்டை வாசல். கள்ளக்குறிச்சிப் பக்கத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றைப் புரட்டினாலும் இதுவே தெரிகிறது. திருக்கோவலூரின் உலகளந்த பெருமாளும் வீரட்டானமும் வந்துவிடுவார்கள். 1981இல் ஜம்பையில் கண்டுபிடிக்கப்பட்ட, அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டு வந்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் மாறி மாறி மோதிக்கொண்ட தியாகதுருகம் மலைக்கோட்டையும் தவறாமல் வரும். இவற்றில் எதுவும் பொய்யில்லை, வேண்டாதவையும் இல்லை. ஆனால் இவற்றையெல்லாம் படித்து முடித்தபின், இந்த ஊரில் யார்தான் வாழ்ந்தார்கள் என்ற கேள்வி அப்படியே எஞ்சி நிற்கிறது.

மூன்றாவதாக ஒரு வாசல் இருக்கிறது. அது வீட்டு வாசல். பரணில் கிடக்கும் தகரப்பெட்டி, அதற்குள் மடித்து வைத்த பத்திரம், பழைய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் ஞாபகம். இவற்றை வரலாறு என்று ஒப்புக்கொள்ள நமக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. குடும்ப ஞாபகம் என்றால் அது ஏதோ ஏக்கம், பழம்பெருமை, ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம். ஊரின் வரலாற்றைக் காப்பது என்பது முதலில் இந்தத் தகரப்பெட்டிகளைக் காப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். அதிலும் கல்வராயன் மலையைப் பொறுத்தவரை அது பெருமையைப் பற்றிய விஷயமே அல்ல, நிலத்தைப் பற்றிய விஷயம்.

*

முதலில் தரைப்பகுதியை எடுத்துக்கொள்வோம். 1993 செப்டம்பர் வரை கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு மூலை. கலெக்டர் கடலூரில் இருந்தார். 1993 செப்டம்பர் 30இல் மாவட்டம் பிரிக்கப்பட்டு, ஊர் விழுப்புரத்தோடு சேர்ந்தது. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. நாற்பது வயதான ஒருவர், பிறந்த வீட்டை விட்டு ஒரு நாளும் நகராமலே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டார். அவருடைய பிறப்புச் சான்றிதழில் ஒரு மாவட்டம், திருமணப் பத்திரிகையில் இன்னொன்று, மகளின் சாதிச் சான்றிதழில் வேறொன்று.

வேடிக்கையாகத் தோன்றும் இந்த விஷயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பட்டியல் பழங்குடிகளின் பட்டியலில் மலையாளி என்ற பழங்குடியின் பெயருக்குப் பக்கத்தில், இன்னின்ன மாவட்டங்களில் வாழ்பவர்கள் என்று ஒரு வரையறை இருக்கிறது. அந்த மாவட்டப் பெயர்களில் தென்னார்க்காடும் ஒன்று. (கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது.) அந்தப் பெயரில் இன்று எந்த மாவட்டமும் இல்லை. ஆனால் கல்வராயன் மலையில் ஒரு பையன் கல்லூரியில் சேர வேண்டுமென்றால், தன் முன்னோர்கள் அந்த இல்லாத மாவட்டத்தின் எல்லைக்குள் இருந்தார்கள் என்பதைத்தான் அவன் காட்டியாக வேண்டும். தாத்தா யார், எந்த ஊர், அதற்கு என்ன காகிதம் என்ற கேள்வி அவனுக்கு எழுப்பப்படும்போது, குடும்ப வரலாறு பொழுதுபோக்காக இருப்பதில்லை.

அந்தக் காகிதங்களை யார் எழுதினார்கள், யார் வைத்திருக்கிறார்கள்? இந்தப் பகுதியைப் பற்றி முறையாக எழுதப்பட்ட பழைய நூல்கள் எல்லாம் வெளியார் எழுதியவை. கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடு 1878இல் வந்தது. பிரான்சிஸின் கெஜட்டியர் 1906இல். தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் 1909இல். இவர்களை இன்று ஏளனம் செய்வது சுலபம். ஆனால் இவர்கள் எழுதிவைக்காமல் போயிருந்தால் பல செய்திகள் நமக்குக் கிடைத்திருக்காது. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்து போனார்கள் என்று மலையாளிகள் சொல்லும் கதையைத் தர்ஸ்டன் பதிந்து வைத்திருக்கிறார். நன்றி சொல்ல வேண்டியதுதான்.

ஆனால் அந்த நூல்களில் ஒரு மலைவாசி வருவதேயில்லை. மலைவாசிகள்தான் வருகிறார்கள். இவர்கள் இப்படி உடுத்துவார்கள், இப்படி மணம் செய்வார்கள், இன்ன தெய்வத்தைக் கும்பிடுவார்கள் என்று ஒரு கூட்டத்தைப் பற்றிய குறிப்பாக எல்லாம் முடிந்துவிடுகிறது. வரி வசூலிக்கிறவருக்கும் குலங்களை வகைப்படுத்துகிறவருக்கும் தனி ஆளின் பெயர் தேவைப்படவில்லை.

இதில் வருத்தம் தருவது எதுவென்றால், இதே நிலப்பகுதியில் தனி ஆளின் பெயரைக் காக்கும் வழக்கம் மிகப் பழையது. தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம், செங்கம், தண்டராம்பட்டு வட்டாரம் முழுக்க நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் செங்கம் நடுகற்களைத் தனி நூலாகவே வெளியிட்டது. அந்தக் கற்களில் இருப்பவர்கள் பேரரசர்கள் அல்லர். மாடு மீட்கப் போய்ச் செத்தவர்கள். எடுத்தனூரில் உள்ள ஒரு கல், மகேந்திரவர்ம பல்லவனின் காலத்தது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1400 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர், கள்ளரை விரட்டிய தன் நாயின் பெயரைக் கல்லில் வெட்டியது. நம்முடைய கொள்ளுப்பாட்டியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை அவரவர் வீட்டில் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியைச் சொல்கிறது. கபிலர் அங்கே செய்ததை நாம் நட்பின் கதையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். ஒரு மலை வீழ்ந்தபின், அந்த மலையின் குடும்பத்தையும் அதன் ஞாபகத்தையும் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்த ஒருவரின் கதையாகவும் அதை வாசிக்கலாம். பறம்புக்குக் கபிலர் இருந்தார். கல்வராயனுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

*

கல்வராயன் என்றும் கல்ராயன் என்றும் எழுதப்படும் இந்த மலைத்தொடர், 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். நாடு விடுதலையடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. கீழே கள்ளக்குறிச்சியில் பஞ்சாயத்து யூனியனும் தேர்தலும் சினிமாக் கொட்டகையும் வந்துவிட்ட காலத்திலும், மேலே வெள்ளிமலைப் பக்கத்து மனிதர் தன் நிலத்தைப் பற்றி ஜாகீர்தாரிடம்தான் பேச வேண்டியிருந்தது. அந்தக் காலம் எப்படி இருந்தது, என்ன வரி கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள், கொடுக்க முடியாதவர் என்ன ஆனார், ஜாகீர் போன செய்தி ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதெல்லாம் மலையில் வாழ்ந்தவர்களின் வாய்மொழியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு நாவலுக்கு உரிய விஷயம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நாவலுக்கு முன்னால் அது ஒரு சாட்சியம்.

மலை பத்திரிகைகளில் தென்படுவது பெரும்பாலும் குற்றச் செய்தியாகத்தான். சாராய ஊறல் அழிப்பு என்ற தலைப்பில்லாமல் கல்வராயனைப் பற்றிய செய்தி வருவது அரிது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடு முழுவதும் இந்த ஊரின் பெயரைத் தெரிந்துகொண்டது. அதையடுத்து ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. ஜாகீர் காலத்துக் கதை பலருடைய காதுக்கு முதன்முறையாக எட்டியதே அந்த விசாரணைச் செய்திகளின் வழியாகத்தான்.

கருணாபுரத்துக்கும் இதுவே பொருந்தும். விசாரணை ஆணையத்தின் கோப்பு இருக்கும், வழக்குக் கட்டு இருக்கும், இழப்பீட்டுப் பட்டியல் இருக்கும். அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள், எந்த ஊரிலிருந்து எப்போது வந்து குடியேறினார்கள், அன்று காலை வரை அந்தத் தெரு எப்படி இருந்தது என்பதை அந்தக் கட்டுகளில் தேட முடியாது. சாவின் வழியாக மட்டும் ஒரு தெரு வரலாற்றில் நிற்குமானால், அதில் வாழ்ந்தவர்களுக்கு நாம் இன்னொரு முறை அநியாயம் செய்கிறோம்.

*

நிலத்தைப் பற்றிய விஷயம் என்று மேலே சொன்னேன். அதை விளக்க வேண்டும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வனநிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிகளுக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை தருகிறது. உரிமை கோருகிறவர் எதை ஆதாரமாகக் காட்டலாம் என்பதை 2008இல் வந்த விதிகள் பட்டியலிடுகின்றன. அந்தப் பட்டியலை இலக்கிய வாசகர்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பேன். கெஜட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை ஆவணம் இவற்றில் தொடங்குகிறது. பழைய சமஸ்தானங்களும் இடைத்தரகு நிலவுடைமையாளர்களும் கொடுத்த காகிதங்கள் செல்லும் என்கிறது. அப்படியானால் ஜாகீர்தார் கொடுத்த துண்டுச்சீட்டுக்கும் மதிப்புண்டு. கிணறு, இடுகாடு, வழிபடும் இடம் ஆகியவை செல்லும். முந்தைய ஆவணங்களில் பெயருள்ள ஒருவரிடமிருந்து இன்றைய மனிதர் வரைக்குமான வம்சாவளி செல்லும். கடைசியாக, உரிமை கோருகிறவரல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழி எழுத்தில் பதியப்பட்டிருந்தால் அதுவும் செல்லும்.

அதாவது பிரான்சிஸ் துரையின் கெஜட்டியரையும் மலைக்கிழவியின் ஞாபகத்தையும் சட்டம் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. இந்திய வரலாற்றெழுத்தில் இதற்கு ஈடான ஒரு திருப்பத்தை எந்தப் பல்கலைக்கழகமும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கெஜட்டியர் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. கிழவிக்குக் காப்பகம் இல்லை. இந்த இடுகாட்டில் என் மாமனாரைப் புதைத்தோம், இந்த ஓடைக்கு அப்பால் இன்னார் ராகி விதைத்தார் என்று சொல்லத் தெரிந்தவர் போய்விட்டால், அந்த ஞாபகத்தோடு ஓர் ஆதாரமும் சேர்ந்து போய்விடுகிறது.

*

மலையில் வாய்மொழி என்றால், தரையில் காகிதம். ஒவ்வொரு வீட்டிலும் அது இருக்கிறது. நாம் அதைக் குப்பை என்று நினைப்பதுதான் சிக்கல்.

மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மூன்று தலைமுறைக் கல்யாணங்களின் மொய் நோட்டுகள் இருந்தால், அது அந்த ஊரின் சமூக வரலாறு. ஒவ்வொரு வரியிலும் ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை. எந்தெந்த ஊர்களில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள், எந்தச் சாதிக்காரர்கள் மொய் எழுதினார்கள், யாருடைய பெயர் வரவே இல்லை, எந்த ஆண்டிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் பெங்களூர் என்றும் திருப்பூர் என்றும் எழுதப்படத் தொடங்கியது என்பதையெல்லாம் அதிலிருந்து படித்தெடுக்கலாம். கருமாதிப் பத்திரிகை இன்னும் ஒருபடி மேலே. இறந்தவரின் மகன்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், பங்காளிகள் என்று ஒரு வம்சாவளியே அச்சில் கிடைக்கிறது. காரியம் முடிந்த மறுநாள் அதைக் கிழித்துப் போடுகிறோம்.

இதை மதித்த ஒருவர் நம்மிடையே இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், புத்தகங்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டு சென்னையில் அமைந்த நூலகத்துக்கு இன்று உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். தனி மனிதர் ஒருவர் குப்பை என்று ஒதுக்காததால் வந்த பயன் அது.

உ.வே.சா. தம் வாழ்க்கை வரலாற்றைத் தன்னிலிருந்து தொடங்காமல் உத்தமதானபுரம் என்ற ஊரிலிருந்து தொடங்கினார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஊரும் குடும்பமும் தனித்தனி வரலாறுகள் அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

*

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் இரண்டு முக்கியமானவை.

முதலாவது, குடும்ப வரலாறு நம் ஊரில் சாதி வரலாறாகத்தான் முடியும் என்பது. இது வெறும் பயமல்ல. நாங்கள் இன்ன வம்சத்தில் வந்தோம், ஆண்ட பரம்பரை என்று சொல்லும் சிறு வெளியீடுகள் பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. ஒவ்வொரு சாதியையும் சார்ந்து அதன் பெருமையைப் பாடிப் பரிசில் பெற்றுவந்த குடிப்பிள்ளைகளின் வேலையை இப்போது அச்சகம் செய்கிறது. என் பதில், பெட்டியில் இருப்பதை முழுமையாக எடுங்கள் என்பதுதான். ஆண்ட பரம்பரையின் பெட்டியிலும் புரோநோட்டு இருக்கும், அடமானப் பத்திரம் இருக்கும், ஏலம் போன நிலத்தின் நோட்டீசு இருக்கும், பண்ணையாளுக்குக் கொடுத்த முன்பணத்தின் கணக்கு இருக்கும். பெருமை பேசுகிறவர்கள் பெட்டியை முழுதாகத் திறப்பதில்லை. குடும்பத்தின் கடனையும் தோல்வியையும் எழுதாத, யாரைத் திண்ணையில் உட்காரவிடவில்லை என்பதை எழுதாத வரலாற்றை ஊர் வரலாறு என்று ஏற்க வேண்டியதில்லை. பெண்களின் பெயரும் அப்படியே. இன்னார் மனைவி என்று காகிதம் நிறுத்திக்கொள்ளும் இடத்தில், அவள் பெயர் என்ன, பிறந்த ஊர் எது என்று கேட்டு எழுதுகிறவர்தான் வரலாற்றாசிரியர்.

இரண்டாவது, வீட்டுக் காகிதம் ஊருக்கு எதற்கு என்பது. நியாயமான கேள்வி. மொய் நோட்டில் பாக்கி இருக்கிறது, பத்திரத்தில் வழக்கு இருக்கிறது. ஆகவே மூலத்தை யாரும் வீட்டை விட்டு எடுத்துப் போகக் கூடாது. படம் எடுக்கலாம், நகல் வைக்கலாம், வீட்டார் விரும்பாத பக்கத்தை விட்டுவிடலாம். மலையில் இது இன்னும் முக்கியம். படிப்பாளிகள் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போவதும், எழுதியது அந்த ஊருக்குத் திரும்பி வராததும் நூறாண்டுப் பழக்கம். வாய்மொழியைப் பதிகிறவர் அதன் ஒரு படியைச் சொன்னவரின் வீட்டிலும் ஒரு படியைக் கிராம சபையிலும் வைத்துவிட்டே மலையிறங்க வேண்டும்.

எல்லாம்தான் கைபேசியில் இருக்கிறதே என்று சொல்கிறவர்களும் உண்டு. படம் இருக்கிறது. யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பது இல்லை. பழைய போட்டோவின் பின்புறம் பென்சிலால் எழுதும் வழக்கம் இருந்தது. அந்தப் பென்சில் எழுத்து இல்லாமல் ஆயிரம் படங்கள் இருந்தும் பயனில்லை.

*

இலக்கிய வாசகர்களுக்கு இதில் தனியாக ஒரு பங்கு இருக்கிறது. கண்மணி குணசேகரன் தனியாளாக நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். கரிசலுக்குக் கி.ரா. செய்ததற்கு இணையான உழைப்பு அது. அந்த உழைப்பு மலைக்கும் ஏற வேண்டும். மலைக்காரர் சொல்வதைப் பாடநூல் தமிழுக்குத் திருத்தாமல், அவர் சொன்ன சொல்லோடு, ஓடைக்கும் கொல்லைக்கும் பாறைக்கும் அவர் வைத்திருக்கும் பெயரோடு எழுதிக்கொள்ளத் தெரிந்தவர்கள் வேண்டும். சொல்லின் மேல் அக்கறை உள்ளவர்களால்தான் அது முடியும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் பெரிதல்ல. புதிய மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் வந்துவிட்டது. கடலூரிலும் விழுப்புரத்திலும் எழும்பூரிலும் சிதறிக் கிடக்கும் இந்தப் பகுதியின் பழைய ஆவணங்களின் படிகள் கள்ளக்குறிச்சி நூலகத்தில் ஓர் அறையிலும், கல்வராயன் மலைப் பகுதிக்கு உரியவை வெள்ளிமலையிலும் இருக்க வேண்டும். பள்ளிகளில் ஆண்டுக்கொரு முறை, நான்கு தலைமுறைப் பெயர்களை, பாட்டிகளின் பெயர்களையும் பிறந்த ஊர்களையும் சேர்த்து, பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதிவரச் செய்யலாம். செலவு ஒரு நோட்டுப்புத்தகம்.

ஆனால் இதற்கெல்லாம் காலக்கெடு ஒன்று இருக்கிறது. ஜாகீர் போன 1976இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபது ஆகிறது. ஜாகீர்தாருக்குத் தன் கையால் வரி கட்டியவர் என்றால் இன்னும் மூத்தவராக இருப்பார். அவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். இன்னும் பத்தாண்டு போனால் கெஜட்டியர் மட்டும்தான் இருக்கும்.